நாற்பது கழியாத தோல்

சட்டை தைக்கிறவர்களில் ஒருவர்கூடத் தாங்கள் தைத்த சட்டையின் உட்பக்கத்தைக் கன்னத்தில் ஒருமுறை தேய்த்துப் பார்ப்பதில்லை என்பது உல்ஜானின் தீர்மானமான கருத்து. கோடை தொடங்கியபோது அவளுக்கு இப்படியொரு கருத்து கிடையாது. சட்டை என்றால் சட்டை, மாட்டிக்கொண்டு போகவேண்டியதுதானே என்று ஊரில் எல்லோரையும்போலத்தான் அவளும் நினைத்திருந்தாள். மகள் இன்காரைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு, சீருடைக்கு வெள்ளைச் சட்டை தேடி தராஸ் நகரச் சந்தையில் இறங்கிய பிறகுதான், உலகத்துத் தையல் மிஷின்கள் எல்லாம் ஒன்றுகூடித் தன் பிள்ளைக்கு எதிராக வேலை செய்வதாக அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது.

இன்காருக்கு ஆறு வயது. படு சூட்டிகை. பஸ்ஸின் எண்ணைப் பார்த்தாலே அது எந்தத் தெருவில் திரும்பும் என்று சொல்லிவிடுவாள். அவள் அப்பா எர்மெக் அந்த பஸ்களில் ஒன்றைத்தான் ஓட்டுகிறான், புதிய தடம் கொடுத்தால் அவனே மகளிடம் கேட்டுக்கொள்வதும் உண்டு. ஆனால் அவள் தோல் வேறு தினுசு. பின்கழுத்தில் இருக்கும் லேபிள், தோள்பட்டைத் தையல், பொத்தானுக்கு அடியிலிருக்கும் நூல் முடிச்சு, இதெல்லாம் உடம்பில் கிடப்பதே நமக்குத் தெரியாது. அவளை அவை பாடாய்ப் படுத்தும். “இந்தச் சட்டை பேசிக்கிட்டே இருக்கும்மா” என்பாள். கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பாள். அப்புறம் கண் நிறையும், சட்டை மூலைக்குப் பறக்கும்.

பார்த்த டாக்டர், இது நோய் இல்லை, சில பிள்ளைகளுக்குத் தொடு உணர்ச்சி மிகக் கூர்மையாக இருக்கும், வற்புறுத்தாதீர்கள் என்றார். வற்புறுத்தாமல் சீருடை மாட்டுவது எப்படி என்பதை அவர் சொல்லவில்லை, உல்ஜானும் கேட்காமல் வந்துவிட்டாள். வீட்டில் துவைத்துத் துவைத்து நைந்துபோன இரண்டு பனியன்கள் இருந்தன. இன்கார் அவற்றை உள்வெளியாகத் திருப்பி மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வாள். மழலையர் பள்ளியில் இருந்த ஆயா நல்ல மாதிரி, பனியனோடு வரட்டும் என்று விட்டுவிட்டாள். பெரிய பள்ளிக்கூடத்தில் அது நடக்குமா?

ஆகஸ்ட் மாதம் முதல் வகுப்பு டீச்சர் அக்கெர்க்கே வீட்டுக்கு வந்தாள். சின்னப் பெண், நல்ல பெண்ணும்கூட. தேநீர் குடித்துக்கொண்டே, செப்டம்பர் முதல் தேதி எல்லாப் பிள்ளைகளும் முற்றத்தில் வெள்ளைச் சட்டையில் வரிசையாக நிற்பார்கள், மணி அடித்ததும் வகுப்புக்குப் போவார்கள், அதன்பிறகு தினமும் சீருடைதான் என்றாள். பனியனைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நின்ற இன்காரைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

“ரொம்பச் சிரமம்னா ஒரு வழி இருக்குக்கா. சில பிள்ளைங்களுக்கு டீச்சர் வீட்டுக்கே வந்து சொல்லிக்குடுக்கலாம். வாரத்துல ரெண்டு நாள். நீங்க கேட்டா நானே பேசறேன்.”

எர்மெக்குக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. “ஒரு வருசம் வீட்லயே படிக்கட்டுமே. பிள்ளைய ஏன் அழ வைக்கணும்?” என்றான். அவன் மகள் அழுதால் தாங்கமாட்டான், அது ஒன்றுதான் அவனிடம் குறை.

ஜன்னலோரம் இருந்து இன்கார் கேட்டாள். “மத்த பிள்ளைங்களும் நம்ம வீட்டுக்கு வருவாங்களா?”

“மாட்டாங்கம்மா. டீச்சர் மட்டும்தான்” என்றாள் உல்ஜான்.

“அப்ப அது பள்ளிக்கூடமே இல்ல.”

அவள் அழவில்லை. திரும்பிக்கொண்டு தெருவில் போகிற பஸ்களைப் பார்க்க ஆரம்பித்தாள். தெருப் பிள்ளைகளோடு ஒட்டாத பிள்ளை, அவளே ஆசைப்பட்டுக் கேட்கிற ஒரே இடம் அந்த வரிசை, அந்த பெஞ்சு. ஒரு முழம் துணிக்காக அதை அவளிடமிருந்து பிடுங்குவதா? வீட்டில் படிப்பு வேண்டாம், முதல் தேதி இவளும் வரிசையில் நிற்பாள் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டாளே தவிர, எந்தச் சட்டையில் நிற்பாள் என்பது அவளுக்கே தெரியாது.

அவள் வாங்கிய சட்டை ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்தால் தோற்றது. லேபிளை வெட்டினால் வெட்டிய அடிக்கட்டை குத்தியது. சோடா போட்டு ஊறவைத்துத் துவைத்தால் துணி இளகியது, தையல் இளகவில்லை. பஞ்சு மாதிரி இருக்கிறது என்று கடைக்காரன் சத்தியம் செய்த சட்டை இன்காரின் உடம்பில் ஒரு கிண்ணம் தேநீர் ஆறும் நேரம்கூடத் தங்கவில்லை.

இதற்கு நடுவில்தான் பிபிகுல் வந்து சேர்ந்தாள்.

பிபிகுல் எர்மெக்கின் அண்ணன் மனைவி. உல்ஜானுக்கு ஓரகத்தி. சந்தையில் பிள்ளைகள் துணிக்கடை வைத்திருப்பவள். குரல் கடையில் ஆரம்பித்தால் காய்கறி வரிசை வரைக்கும் கேட்கும். அதைவிடப் பெரிய விஷயம், இன்கார் பிறந்தபோது தொப்புள்கொடி அறுத்தவள் அவள்தான். தொப்புள்தாய் என்றால் சும்மாவா? பெற்றவளுக்கு அடுத்த உரிமை அவளுக்கு. பிள்ளைக்குச் சளி பிடித்தாலும் அவளிடம் சொல்லவேண்டும், பல் விழுந்தாலும் சொல்லவேண்டும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு முதல் சட்டை நான்தான் எடுப்பேன் என்று பிபிகுல் ஜூலையிலேயே அறிவித்துவிட்டாள்.

எடுத்தும் வந்தாள். பளபளவென்று ஒரு சட்டை. அவள் போன பிறகு இன்காருக்கு மாட்டிப் பார்த்தார்கள், வழக்கம்போல மூலைக்குப் பறந்தது. அடுத்த நாள் பிபிகுல் போன் செய்து கேட்டாள்.

“எப்படிடி இருக்கு என் பொண்ணுக்கு?”

உல்ஜான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து மூத்த ஓரகத்தி கொடுத்ததை வேண்டாம் என்று சொன்னதில்லை. அப்படிச் சொல்வதற்கு அவளுக்கு வாயும் கிடையாது, அந்த ஊரில் வழக்கமும் கிடையாது. போதாக்குறைக்கு, பிள்ளைக்கு இப்படியொரு கஷ்டம் என்று வெளியே சொன்னால் ஊர் என்ன பெயர் வைக்குமோ என்ற பயம் வேறு. வாயில் வந்ததைச் சொன்னாள்.

“ரொம்ப அழகா இருக்குக்கா. கொஞ்சம் பிடிக்குது, அவ்ளோதான்.”

அவ்வளவுதான், வினை அங்கே பிடித்தது. சட்டை சின்னதா, பெரிதாக்கிவிட்டால் போகிறது என்று பிபிகுல் அடுத்த அளவில் ஒன்று கொண்டுவந்தாள். அதுவும் பிடிக்கிறது என்றாள் உல்ஜான். முதல் பொய்யைச் சொன்னவள் இரண்டாவதை மாற்றிச் சொல்ல முடியுமா? பிபிகுல் அதற்கடுத்த அளவு கொண்டுவந்தாள், இந்தமுறை கழுத்தில் கண்ணாடி மணிகளோடு. “என்னடி இது, நீ பிள்ளைக்குக் குதிரைக்கறி மட்டும்தான் போடறியா? இந்த வளத்தி வளர்றா?” என்று சிரித்தாள். எர்மெக் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, “இன்னும் ரெண்டு சட்டை வந்தா எனக்கே சரியா இருக்கும்” என்றான்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய வாரக் கடைசியில் நாத்திறப்பு விருந்து. பிள்ளை முதன்முதலாகப் பள்ளிக்குப் போவதற்குமுன் சொந்தபந்தம் கூடி வாழ்த்த வேண்டும். சனிக்கிழமை மதியம் வீடு நிறைந்துவிட்டது. எண்ணெயில் பொரித்த பவுர்சக் மாவுருண்டை மலைபோலக் குவிந்தது, முலாம்பழம் வெட்ட வெட்டத் தீரவில்லை, பால் தேநீர்க் கிண்ணங்கள் பாதி நிரம்பியும் முழுக்கக் காலியாகியும் சுற்றிக்கொண்டே இருந்தன. ஆளோடு ஆளாக உல்ஜானின் மாமனாரும் வந்து நடுவில் உட்கார்ந்தார். பழைய ரயில்வே ஆள், எண்பதைத் தாண்டியவர். உள்ளங்கைகளை விரித்துப் பேத்தியை வாழ்த்தினார், எல்லோரும் வழக்கப்படி இரு கைகளாலும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது.

பிபிகுல் எழுந்து நின்றாள். கையில் ஒரு பை.

“இதுவரைக்கும் எடுத்த எல்லாமே பிடிக்குதுன்னுட்டா இவ. இப்ப பத்து வயசுப் பிள்ளை அளவுல எடுத்தாந்திருக்கேன், எப்படிப் பிடிக்குதுன்னு நானும் பாத்துடறேன்” என்றாள். சபை சிரித்தது. உல்ஜான் அவசரமாக எழுந்தாள்.

“அக்கா, சாப்பாடு முடியட்டுமே.”

“சாப்பாடு எங்க ஓடப்போகுது? புதுத்துணி போட்டாத்தானே எல்லாரும் பாத்து ஏதாவது குடுப்பாங்க.”

அதுவும் வழக்கம்தான். பிள்ளை புதிது உடுத்திக் காட்டினால் பார்க்கிறவர்கள் தொட்டுப் பார்த்து வாழ்த்தி, கையில் ஏதாவது வைக்கவேண்டும். பிபிகுல் இன்காரை உள்ளே கூட்டிப்போனாள். பனியனைக் கழற்றினாள். கழுத்திலும் கையிலும் மொடமொடவென்று நைலான் லேஸ் வைத்த சட்டையை மாட்டினாள். நீண்டு தொங்கிய கைகளை மடித்து ஊசி குத்தினாள். கூட்டிவந்து நடுவில் நிறுத்தினாள்.

இன்காரை அன்று குறை சொல்ல முடியாது. பெரியம்மா முகம் மலர்ந்திருப்பதைப் பார்த்து, அவளும் முடிந்தவரை பொறுத்துக்கொண்டுதான் நின்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டு எழுத்துக்களை வரிசையாகச் சொன்னாள். அத்தைமார்கள் வரிசையில் வந்தார்கள். ஒருத்தி லேஸைத் தடவினாள், ஒருத்தி காலரை இழுத்துச் சரி செய்தாள், ஒருத்தி தோளைப் பிடித்து அமுக்கி இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். மூன்றாமவள் முத்தத்தோடு எல்லாம் முடிந்தது. பிள்ளை கத்திய கத்தலில் பேச்சு நின்றுவிட்டது. சட்டையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள், பொத்தான்கள் தெறித்தன, ஒன்று யாரோ ஒரு சித்தப்பாவின் தேநீர்க் கிண்ணத்தில் விழுந்தது. லேஸ் கிழிந்தது. பிள்ளை வெற்று மார்போடு ஓடி முலாம்பழம் அடுக்கியிருந்த சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிபிகுல் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கிழிந்த சட்டையை எடுத்துக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போனாள். உல்ஜான் பின்னாலேயே போனாள், வேறு என்ன செய்வது?

“சொல்லுடி. பிள்ளைக்கு என்னைப் பிடிக்கலியா, என் துணி பிடிக்கலியா?”

உல்ஜானுக்கு அதற்கு மேல் பூசி மெழுகத் தெம்பில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். லேபிள், தையல், நூல் முடிச்சு, டாக்டர் சொன்னது, டீச்சர் சொன்னது, வீட்டிலேயே படிக்க வைக்கலாம் என்று எர்மெக் சொன்னது. சொல்லச் சொல்ல அழுகையும் வந்தது.

“அப்ப சட்டை சின்னதே இல்லியா?”

“முதல் சட்டையே பெருசுக்கா.”

பிபிகுல் கிழிந்த சட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

“அடிப்பாவி. அதுக்காக என்னைப் பத்து வயசு அளவு வரைக்கும் நடக்க விட்டியா? அடுத்து நான் கல்யாணக் கவுன் எடுத்துட்டு வந்திருப்பேன். அதையும் பிடிக்குதுன்னுதானே சொல்லியிருப்ப?”

“உங்ககிட்ட எப்படிக்கா வேண்டாம்னு சொல்றது?”

“வாயாலதான். நான் என்ன புலியா?” அது பாதி உண்மைதான், புலி இவ்வளவு சத்தம் போடாது. ஆனால் உல்ஜான் எதிர்பார்த்த கோபம் அந்தக் குரலில் இல்லை. அதில் இருந்தது மனத்தாங்கல். “நான் அவளுக்குத் தொப்புள்தாய்டி. பிள்ளைக்கு வலிக்குதுன்னா மொதல்ல எனக்குத் தெரிஞ்சிருக்க வேண்டாமா? ஊர்ச்சனத்தோட சேத்து என்னையும் வெளிய நிறுத்திட்டியே.”

தவறு தன் மேல்தான் என்று உல்ஜானுக்கு அப்போது நன்றாகவே புரிந்தது.

பிபிகுல் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாமான் அறைக்குப் போனாள். இன்கார் அதற்குள் எங்கிருந்தோ பழைய பனியனை எடுத்து மாட்டிக்கொண்டு முலாம்பழங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். பிபிகுல் தன் கனத்த உடம்போடு தரையில் உட்கார்ந்தாள். ஆச்சரியம் என்னவென்றால் கொஞ்ச நேரம் ஒன்றுமே பேசவில்லை. வாசலில் நின்ற உல்ஜானுக்கு அதுவே பெரிய அதிசயமாக இருந்தது.

“தொட்டுப் பாக்கட்டுமா?” என்று பிறகு கேட்டாள்.

இன்கார் யோசித்துவிட்டுக் கையை மட்டும் நீட்டினாள். பிபிகுல் பனியனின் கையோரத்தை விரலால் தடவினாள். தையல் வெளியே இருந்தது, உள்ளே வழவழவென்று இருந்தது.

“இப்படித் திருப்பிப் போடணும்னு யாரு சொன்னாங்க?”

“யாரும் சொல்லல. இப்படிப் போட்டா பேசாது.”

பிபிகுல் மெல்லத் திரும்பி உல்ஜானைப் பார்த்தாள்.

“ஏண்டி, நம்ம ரெண்டு பேருக்கும் புத்தி எங்கடி போச்சு? பொறந்தன்னிக்கி இவளுக்கு நான் போட்டது என்ன சட்டை?”

நாய்ச்சட்டை. பிறந்த பிள்ளைக்கு முதன்முதலாகப் போடுகிற சட்டைக்கு அங்கே அதுதான் பெயர். நீண்ட ஆயுளோடு இருக்கிற பெரியவர் ஒருவரின் பழைய துணியில்தான் அதை வெட்டுவார்கள். தையலெல்லாம் வெளிப்பக்கம் வரும்படி, ஓரம் மடிக்காமல் தைப்பார்கள், பச்சைத் தோலில் எதுவும் உறுத்தக்கூடாது. நாற்பது நாள் கழிந்ததும் அதில் மிட்டாய் முடிந்து நாயின் கழுத்தில் கட்டிவிடுவார்கள், தெருப் பிள்ளைகள் துரத்திப் பிடித்துத் தின்னும்.

“மத்த பிள்ளைங்க தோலு நாப்பது நாள்ல முத்திப்போகுது. இவளுக்கு இன்னும் நாப்பது கழியல, அவ்ளோதான் விஷயம்” என்றாள் பிபிகுல். “இதுக்கா நீ கோடை பூரா அழுத?”

டாக்டர் சொன்னதையேதான் இவளும் சொன்னாள். ஆனால் உல்ஜானின் மனதில் இருந்த பாரம் இப்போதுதான் இறங்கியது.

பிபிகுல் எழுந்தாள். எழுந்ததும் பழைய குரல் திரும்பிவிட்டது. விருந்தினர் எல்லோரும் பார்க்க மாமனார் முன்னால் போய் நின்றாள்.

“மாமா, சட்டையைக் கழட்டுங்க.”

எந்த மருமகளும் எந்த மாமனாரிடமும் இப்படிக் கேட்டதாக அந்தத் தெருவில் சரித்திரம் இல்லை. கிழவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அவர் உடம்பில் இருந்தது எத்தனையோ வருஷமாக உடுத்தித் துவைத்து, பாலாடைபோல மெலிந்துபோன வெள்ளைப் பருத்திச் சட்டை. அதைத் தூக்கியெறியச் சொல்லி இதே பிபிகுல் அவரிடம் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறாள்.

“எதுக்கு?”

“இன்காருக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைக்கணும்.”

“இவளுக்கு ஏற்கெனவே ஒண்ணு குடுத்தேனே. அத என்ன பண்ணீங்க?”

“நாய் கழுத்துல கட்டிட்டோம் மாமா.”

“நல்ல குடும்பம்” என்றார் கிழவர். பொத்தான்களைக் கழற்றி, சட்டையை மடித்துக் கொடுத்துவிட்டு, பனியனுக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு, மீதித் தேநீரை ஒன்றுமே நடக்காததுபோலக் குடித்தார். அலமாரியில் இன்னும் இரண்டு இருக்கிறது, அதையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உல்ஜான் மிஷினில் உட்கார்ந்தாள். பிபிகுல் பக்கத்தில் உட்கார்ந்து அதிகாரம் செய்தாள். முதலில் தைத்தது சரிப்படவில்லை. தையல் வெளியேதான் இருந்தது, ஆனால் உல்ஜான் பழக்க தோஷத்தில் கடையில் வாங்கிய விறைப்பான நூலையே போட்டுவிட்டாள். இன்கார் போட்டுப் பார்த்து, தோளைச் சுளித்து, “கொஞ்சமாப் பேசுது” என்றாள். பிரித்தார்கள். பருத்தி நூல் தேடிப் பிபிகுல் தன் கடைக்கே போய்வந்தாள். மறுபடி தைத்தார்கள். காலருக்குப் புதிய துணி வேண்டாம் என்று கிழவரின் பழைய காலரையே சின்னதாக வெட்டி மடக்கினார்கள், முகவாய் உரசி உரசி அதுதான் எல்லாவற்றையும்விட மெத்தென்று இருந்தது. பொத்தான்கள் பார்வைக்கு மட்டும், தலைவழியாக மாட்டிக்கொள்ளலாம். பொத்தானுக்கு அடியில் முடிச்சு வராமல் நூலை வெளிப்பக்கமே சுற்றிக் கட்டவேண்டும் என்று கண்டுபிடித்தது உல்ஜான்தான். பிபிகுல் அதை இரண்டு தடவை பாராட்டினாள், மூன்றாவது தடவை தானே கண்டுபிடித்ததுபோலச் சொன்னாள்.

இன்கார் சட்டையை மாட்டிக்கொண்டாள். நின்றாள். உட்கார்ந்தாள். கையைத் தூக்கினாள். பிறகு ஜன்னலுக்குப் போய் பஸ் பார்க்க ஆரம்பித்தாள். இருவரும் மூச்சுவிடாமல் காத்திருந்தார்கள். அவள் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உல்ஜானுக்கு இப்போது புதுக்கவலை. “அக்கா, தையல் வெளிய தெரியுதே. உள்வெளியா உடுத்தறது நல்லதுக்கில்லன்னு சொல்வாங்களே. மொத நாள் அதுவுமா, வரிசையில நாலு பேர் பாத்து என்ன சொல்வாங்க?”

“நாலு பேரு என்ன சொல்லணும்னு அவங்களுக்குச் சொல்லிக்குடுக்கறதுதாண்டி என் தொழிலு” என்றாள் பிபிகுல். மிச்சத் துணியில் மெல்லிய பட்டைகள் வெட்டி, வெளியே தெரிந்த தையல்களின் மேல் நீளவாக்கில் வைத்துக் கையாலேயே தைத்தாள். தோளிலும் பக்கங்களிலும் வேண்டுமென்றே வைத்த அலங்காரம்போல இருந்தது. அதன்மேல் சீருடையின் கருநீலக் கையில்லாக் கவுனை மாட்டியதும் உல்ஜானே ஒரு நிமிஷம் ஏமாந்துவிட்டாள்.

திங்கட்கிழமை பள்ளி முற்றம் முழுக்க வெள்ளை. பெண்பிள்ளைகள் தலையில் முட்டைக்கோஸ் அளவுக்கு வெள்ளை ரிப்பன் முடிச்சுகள், கையில் அவர்களைவிட உயரமான பூங்கொத்துகள். இன்காருக்கு ரிப்பன் கிடையாது, தலைமுடி சாதாரணமாகப் பின்னியிருந்தது. ஒலிபெருக்கி அலறியபோது காதைப் பொத்திக்கொண்டாள். உல்ஜான் ஓடப்போனாள், பிபிகுல் கையைப் பிடித்து நிறுத்தினாள். பாட்டு முடிந்ததும் பிள்ளை கையை எடுத்துவிட்டு, பக்கத்தில் நின்ற குண்டுப் பையனிடம் என்னவோ கேட்டாள். அவன் என்னவோ சொன்னான்.

பக்கத்தில் நின்ற ஒரு தாய் உல்ஜானிடம் குனிந்தாள். “உங்க பொண்ணு சட்டை வித்தியாசமா இருக்கே. தையல் மேல பட்டை வெச்சு. எங்க எடுத்தீங்க?”

உல்ஜான் வாயைத் திறப்பதற்குள் பிபிகுல் முந்திக்கொண்டாள். “புது மாடல். இன்னும் சந்தைக்கே வரல. வேணும்னா சொல்லுங்க, உங்க வீட்டுப் பெரியவரு பழைய சட்டை ஒண்ணு எடுத்தாங்க, தெச்சுத் தர்றேன்.”

அந்தப் பெண் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தாள். பிபிகுல் சிரிக்கவில்லை, அவள் மனக்கணக்கில் அதற்குள் ஒரு வியாபாரம் ஓட ஆரம்பித்திருந்தது.

தலைமை ஆசிரியர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். வெயில் ஏறியது. மற்றப் பிள்ளைகள் நெளிந்தன, காலரை இழுத்தன, ஒரு பையன் அழவே ஆரம்பித்தான். இன்கார் நேராக நின்றாள். கடைசியில் மணி அடித்தது. அக்கெர்க்கே டீச்சர் முன்னால் போக, பிள்ளைகள் இரண்டிரண்டாகக் கைகோத்துக்கொண்டு உள்ளே போனார்கள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் திரும்பித் திரும்பித் தாயைத் தேடின. இன்கார் திரும்பவே இல்லை. அந்தக் குண்டுப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு, அவனுக்கு எதையோ விளக்கிக்கொண்டே கதவுக்குள் மறைந்தாள்.

“பாத்தியா, ஒரு தடவை திரும்பிப் பாத்தாளா?” என்று பிபிகுல் மூக்கை உறிஞ்சினாள். “நன்றி கெட்டது.” அவள் கண்ணில் தண்ணீர் நிற்காமல் வழிந்தது. கடை திறக்க நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உல்ஜான் வீட்டுக்குப் போகவில்லை. பள்ளிக்கு எதிரே இருந்த மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தாள். பையில் பழைய பனியனும் இருந்தது, போனில் எர்மெக் எந்த நிமிஷமும் பஸ்ஸை நிறுத்திவிட்டு வரத் தயாராக இருந்தான். ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் அவள் எழுந்து நின்றாள். தோட்டக்காரர் வந்தார், யாரோ ஒரு டீச்சர் வந்தாள், தண்ணீர்க் கேன் கொண்டுவந்த ஆள் போனார். அவள் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. அப்படிக் கூப்பிடாமல் இருப்பது இவ்வளவு பெரிய சந்தோஷம் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

பள்ளி விடும் நேரத்துக்குப் பிபிகுல் திரும்பி வந்துவிட்டாள். வியாபாரம் மந்தம் என்றாள். ஆகஸ்ட் முழுக்கக் கடை நிரம்பி வழிந்தவளுக்கு இன்றுதான் மந்தமாம்.

பிள்ளைகள் வெளியே கொட்டினார்கள். ரிப்பன்கள் சரிந்திருந்தன, சட்டைகள் வெளியே வந்திருந்தன, பூங்கொத்துகள் வாசத்தோடு வகுப்பிலேயே தங்கியிருந்தன. இன்கார் நடந்து வந்தாள், ஓடவில்லை. முகம் சிவந்திருந்தது.

“அம்மா, அவன் பேரு தியர். அவன் அழிரப்பரக் கடிச்சு முழுங்கிட்டான். டீச்சர் பயந்துட்டாங்க. நாங்க யாரும் பயப்படல. எங்க பெஞ்சு ஜன்னல் பக்கம், பஸ் தெரியுது. ஆனா ஒரு பாடம் சீக்கிரமே முடிஞ்சிடுச்சு, நான் கையத் தூக்கினேன், என்னைக் கேக்கறதுக்குள்ள மணி அடிச்சிட்டாங்க. நாளைக்கும் போகலாம் இல்ல?”

“போகலாம். தினமும் போகலாம்” என்றாள் உல்ஜான். குனிந்து, கேட்கலாமா கூடாதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். “சட்டை எப்படிம்மா இருந்துச்சு?”

இன்கார் கேள்வி புரியாமல் அம்மாவைப் பார்த்தாள், பிறகு பெரியம்மாவைப் பார்த்தாள்.

“எந்தச் சட்டை?” என்றாள்.